கோயிலும் கடைத்தெருவும்

"கோயிலே ஊரை உண்டாக்கிற்று" என்று நம்மவர் மேடைதோறும் முழங்குவர். சரித்திரம் இதற்கு முழுச் சான்று பகரவில்லை.

மத்திய கால ஐரோப்பாவை நோக்குக. அந்நாளில் பங்குக் கோயிலின் வளவே பல ஊர்களில் சந்தையுமாயிருந்தது. வழிபாட்டிற்குக் கூடிய ஜனங்களிடம் சரக்கு விற்றல் எளிதன்றோ? இவ்வழக்கம் மிஞ்சவே, இங்கிலாந்தில் 1285-ம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் கோயில் வளவினுள் சந்தை கூடலாகாதெனத் தடுத்தது. ஜெர்மானியரின் லூபெக் துறைமுகம் இன்னும் தெளிவான பாடம். அங்கே அத்தியட்சரின் பேராலயம் தென்கோடியில் ஒதுங்கியிருக்க, வர்த்தகர் பொருளால் எழுந்த மரியன்னை ஆலயமோ சந்தைக்கும் நகர மன்றத்திற்கும் பக்கத்தே ஓங்கி நிற்கின்றது. நடுவிடத்தைப் பிடித்தது பக்தியா, பணப்பையா?

நிற்க. சிங்கப்பூருக்கு வருவோம். 1819-ல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தமிழர்க்கொரு கோயில் வேண்டினார். தெலோக் ஆயரில் கிடைத்த நிலத்தில் நன்னீர் இல்லை. 1821-ல் இன்றைய ஸ்டாம்போர்டு கால்வாய்ப் பக்கம் வேறிடம் கிடைத்தது. 1822-ல் ஜாக்சன் வரைந்த நகரப் படத்திற்கு அது ஒவ்வவில்லை. 1823-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மூன்றாம் இடம் கிடைக்க, 1827-ல் மரமும் அத்தாப்புமாய் மாரியம்மன் கோயில் எழுந்தது. நிலம் கும்பினியாருடையது, அம்மனும் அவர் அளவுகோலுக்கு அடங்கியே இடம் மாறினாள். அமர்ந்தபின் டெம்பிள் தெருவும் பகோடா தெருவும் அக்கோயிலால் பெயர் பெற்றமை உண்மையே. அதனினும் மேலாக நாம் மதிப்பது, புதிதாய்க் கரையிறங்கிய தொழிலாளர்க்கு வேலை அகப்படும்வரை அது தங்குமிடமாயிருந்தமை. கோபுரத்தைப் பாடுவோர் இதனைப் பாடுவதில்லை.

மலாயாத் தோட்டத் தமிழர்க்கு இவ்விஷயத்தை விளக்க வேண்டுவதில்லை. லயத்தருகே தம் கையாற் கோயில் கட்டினர். தோட்டம் கைமாறிய இடங்கள் பலவற்றில் கோயிலும் பெயர்க்கப்பட்டது. நிலப்பட்டா அவர் பெயரில் இல்லையே!

பாசிர் ரிஸ் புதுநகரில் முறையே வேறு. 1980-களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே வீடுகள் எழுப்பலாயிற்று. 1989-ல் ரயில் வந்தது. அல்-இஸ்திக்பார் பள்ளிவாசல் 1999-ல்தான் எழுந்தது. நகரின் நடுவிலிருப்பவை ரயில் நிலையமும் கடைத்தொகுதியுமே. லூபெக் வர்த்தகர் கண்டால் வியவார்.

அடுத்துள்ள லோயாங்கின் துவா பெக் கோங் கோயில் மட்டும் நகரப் படத்திற் பிறந்ததன்று. கடற்கரையிற் கைவிடப்பட்டுக் கிடந்த சிலைகளை எடுத்து அன்பர் சிலர் 1980-களில் அமைத்தது. 1996-ல் தீக்கிரையாயிற்று, திரும்ப எழுந்து, 2007-ல் இன்றைய இடத்திற்குப் பெயர்ந்தது. சீனத் தெய்வங்களுடன் நம் விநாயகரும் மலாய் டத்தோவும் அங்கே ஒரே வளாகத்தில் உறைகின்றனர். மதுரைக் கோயில் வாயிலில் 1939 வரை கேட்டார்களே, "நீ எச்சாதி?" என்று, அக்கேள்வியை அங்கே கேட்பாரில்லை. எனினும் அதன் நிலமும் குத்தகை நிலமே.