சிற்றந்துப்பூச்சிக்குப் படம் போதுமா?

இயற்கை நடையில் கண்ட சிறிய அந்துப்பூச்சியைக் கைபேசியில் படமெடுத்து, செயலி காட்டும் பெயரை ஏற்பதே இன்று பரவலான முறை. விழுப்புரம் வட்டார நெல் வயலோரங்களிலும் கழுவேலிக் கரையிலும் இது ஓரளவு நன்றாகவே பலிக்கிறது. நெல் குருத்துப்பூச்சியின் பெண் அந்து வைக்கோல் மஞ்சள் நிறம். முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. கீரைப் பாத்தியில் பறக்கும் ஸ்போலடியா ரிகர்வாலிஸுக்குப் பழுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை. இவற்றுக்குத் தெளிவான படம் ஒன்றே போதும். இடமும் தேதியும் தாமாகப் பதிவாவது இன்னொரு பெரும்பயன்.

மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையில்தான் முறை தடுமாறுகிறது. அங்குள்ள சுருள் பூச்சியின் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். சாம்பல் கலந்த பழுப்புச் சிறகின் முன்விளிம்பில் சிறு வெண்புள்ளி. செதில் உதிர்ந்தால் அதுவும் மங்கிவிடும். இது சேர்ந்த கெலிக்கிடே குடும்பத்தில் இதே சாயலில் எத்தனையோ இனங்கள். இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தோ மரபணுவைச் சோதித்தோதான் பலவற்றைப் பிரிக்க முடியும். அறிவியல் நூல்களிலேயே அனகாம்ப்சிஸ், ஸ்டோமாப்டெரிக்ஸ், அப்ரோஏரெமா எனச் சுருள் பூச்சியின் பேரினப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. இத்தகைய பூச்சிக்குச் செயலி சொன்ன பெயரை இருவர் ஆமோதித்ததும் ஐநேச்சுரலிஸ்ட் பதிவுத் தளத்தில் 'ஆய்வுத் தரம்' கிடைத்துவிடலாம். இருவரும் பார்த்தது ஒரே படத்தைத்தான். அந்த உடன்பாடு புதிய சான்று ஆகாது. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இயங்கும் திண்டிவனம் பக்கத்தில் இது சிறு பிழையன்று. தவறான பெயர் தேவையற்ற மருந்தடிப்புக்கு வழிவிடும்.

விவசாயியின் வழி இதைவிட உறுதியானது. அவர் பார்ப்பது சிறகை அல்ல, இலையை. இளம்புழு இலைத்தோலுக்கு அடியில் குடைந்த கொப்புளமும், வளர்ந்த புழு நூலால் பிணைத்து மடித்த சிற்றிலைகளும் ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை. ஆனால் சேதம் கண்ட பிறகே இக்கண் விழிக்கிறது. வரப்புக் களைகளில் வாழும், பயிரைத் தொடாத இனங்கள் அதற்குப் புலப்படா.

இரண்டு வழிகளும் சேர வேண்டிய இடம் நடைக்குறிப்பேடு. அந்து அமர்ந்திருந்த செடி, இலையின் அடிப்புறம், பக்கவாட்டில் தெரியும் தலை ஆகியவற்றையும் படமெடுக்க வேண்டும். புழு கிடைத்தால் அதே இலையோடு புட்டியில் வளர்த்து, வெளிவரும் அந்தோடு ஒப்பிடலாம். ஐயம் நீங்காதபோது குடும்பப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை. அப்படி நிறுத்திய பதிவு வீணாகாது: 2014இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட, தக்காளியைக் குடையும் டூட்டா அப்சலூட்டாவும் இதே கெலிக்கிடேதான். சாம்பல் நிற அந்து, கெலிக்கிடே, தக்காளி இலை என்ற மூன்று குறிப்புகள் இருந்தாலே பூச்சியியலாளர் அதை மீண்டும் தேடிப்போக முடியும்.