கார்த்திகைக் கொத்தும் கண்ணாடி ஈரமும்

திருக்கார்த்திகை அன்று லயத்து வாசல்களில் விளக்கு எரியும்போது கேமராவை வானத்துக்குத் திருப்புவது வீண்வேலை. முழுநிலவு கார்த்திகைக் கொத்தின் அருகிலேயே நிற்கும். அதன் வெளிச்சத்தில் கொத்தைச் சூழ்ந்த நெபுலா என்னும் மங்கலான தூசு முகில் அடிபட்டுப் போகும். இலங்கையின் சபரகமுவத் தோட்டங்களில் இந்தக் கொத்தைப் படமெடுக்க ஏற்ற காலம் தை, மாசி. மழை சற்று ஓய்கிறது. இறப்பர் மரங்களும் இலையுதிர்த்து வானத்துக்கு வழிவிடுகின்றன. சனவரி நடுவில் இரவு எட்டு மணிக்கெல்லாம் கொத்து 70 பாகைக்கு மேல் ஏறிவிடும்.

வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் தாங்கியை வாங்கச் சொல்வார்கள். இரத்தினபுரியில் அதை வானின் வடதுருவத்துக்கு நேராக நிறுத்துவதே பெரும்பாடு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, மலை மறைத்துவிடும். எனவே சாதாரண முக்காலி, 50 மி.மீ. லென்ஸ், நாலைந்து நொடிப் படங்கள் நூற்றுக்கணக்கில், பிறகு சிரில் போன்ற இலவச மென்பொருளில் அவற்றை ஒன்றாக அடுக்குவது: இந்த ஏழை வழிதான் இங்கே சரி என்பேன்.

கண்ணுக்கு ஆறேழு புள்ளியாகத் தெரிவதைச் சுற்றி நீலத் தூசு படர்ந்திருப்பதைக் காட்டுவதே இந்தக் கலையின் பலம். 1885இல் பாரிசில் வானியலாளர்களான ஹென்றி சகோதரர்களின் ஒளிப்படத் தட்டில்தான் கொத்திலுள்ள மாயா விண்மீனைச் சூழ்ந்த நெபுலா முதலில் சிக்கியது. அந்தத் தூசு விண்மீன்கள் பிறந்த முகிலின் மிச்சம் என்று நெடுநாள் நம்பினார்கள். உண்மையில், சுமார் 10 கோடி வயதுள்ள கொத்து வழியில் ஒரு தூசு முகிலைக் கடந்துகொண்டிருக்கிறது.

பலவீனமும் இதே நீலத்தில்தான். 1859இல் கொத்தின் மற்றொரு விண்மீனான மெரோப்பியின் நெபுலாவைத் தொலைநோக்கியில் கண்ட வானியலாளர் டெம்பல், அதைக் கண்ணாடியில் படிந்த மூச்சுக்கு ஒப்பிட்டார். நம் பள்ளத்தாக்குகளில் அந்த மூச்சு நிஜமாகவே லென்ஸில் படிகிறது. பனி பிடித்த கண்ணாடி ஒவ்வொரு பிரகாசமான விண்மீனுக்கும் வட்டமாக ஒரு புகையைப் போட்டுத் தரும். நிறத்தைக் கூட்டிவிட்டால் அதுவே நெபுலா! கைபேசியில் பாராட்டு குவியும் படங்களில் சில இந்த வகைதான் என்பது என் சந்தேகம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. மெய்யான தூசு இழை இழையாக, மெரோப்பிப் பக்கம் அடர்ந்திருக்கும். 50 மி.மீ. லென்ஸின் சட்டத்துக்குள் ரோகிணி விண்மீனையும் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சுற்றி அப்படியொரு நெபுலா இல்லை. படத்தில் ரோகிணிக்கும் ஒளிவட்டம் இருந்தால், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.