53 பேர்

அண்ணன் பையனோடு உட்கார்ந்து 'எ கம்ப்ளீட் அன்நோன்' பார்த்தேன். 2024-ல் ஜேம்ஸ் மேன்கோல்ட் எடுத்த படம். பாப் டிலன் 1961-ல் கிடாரோடு நியூயார்க்கில் வந்து இறங்குவதில் ஆரம்பித்து, 1965-ல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு ரசிகர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது வரை கதை. ஷாலமே சொந்தக் குரலில் பாடியிருக்கிறார். நன்றாகவே பாடுகிறார்.

முடிந்ததும் பையன் கேட்டான். "குரலே சரியில்லையே சித்தப்பா, இந்த ஆளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

நியாயமான கேள்வி. படம் இதற்குச் சொல்லும் பதில், நம்ம ஊர் ஹீரோ என்ட்ரி மாதிரி. அவர் வாயைத் திறக்கிறார், எதிரே இருப்பவர்கள் உறைந்து போகிறார்கள், ஒரு பெண்ணின் கண்ணில் லேசாக ஈரம். மேதை என்றால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடுமாம். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. நடந்தது இதைவிட சுவாரசியம்.

டிலன் வந்து சேர்ந்த கிரீனிச் வில்லேஜ் நியூயார்க்குக்கு உள்ளே ஒரு பேட்டை. மேக்டூகல் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் காபிக் கடைகள். மதுக்கடை லைசென்ஸ் இல்லாததால் வெறும் காபி. பாடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. பாட்டு முடிந்ததும் ஒரு கூடை மேஜை மேஜையாகப் போகும். விழுகிற சில்லறைதான் சன்மானம். 'கேஸ்லைட்' என்று ஒரு கடை, தரைக்குக் கீழே, இருட்டாக. கைதட்டினால் மாடியில் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று அங்கே விரலைச் சொடுக்கித்தான் பாராட்டுவார்களாம். 'கஃபே வா'வில் டிலன் பகல் வேளையில் இன்னொருவர் பாட்டுக்கு ஹார்மோனிகா ஊதினார். கூலி, கொஞ்சம் காசும் சமையலறையிலிருந்து ஒரு ஹாம்பர்கரும்.

அதே தெருவில் இஸி யங் என்பவர் 1957-ல் ஒரு கடை திறந்திருந்தார். நாட்டுப்பாடல் புத்தகம், இசைத்தட்டு, கிடார் தந்தி எல்லாம் விற்கிற கடை. விற்றதைவிட அரட்டை அதிகம். ஊரில் எவன் புதிதாக வந்தாலும் முதலில் அங்கேதான் போய் நிற்பான். 1961 ஏப்ரலில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் பாடுவதற்கு மாநகராட்சி அனுமதி மறுத்தபோது, பாடகர்களைத் திரட்டிக்கொண்டு போய் போலீஸோடு மல்லுக்கு நின்றவரும் இவரே.

இன்னும் கொஞ்சம் தள்ளி, 'கெர்டீஸ் ஃபோக் சிட்டி'. மைக் போர்கோ என்ற இத்தாலியரின் கடை. திங்கட்கிழமை இரவு யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பாடலாம். டிலனுக்கு அங்கே சம்பளத்துக்குப் பாட வாய்ப்பு வந்தபோது 21 வயது நிறையவில்லை. யூனியன் கார்டு வாங்க கார்டியன் கையெழுத்து வேண்டும். போர்கோதான் போட்டார். பெற்றோர் இல்லை என்று பையன் அளந்துவிட்டிருந்தான். மினசோட்டாவில் அப்பா அம்மா சௌக்கியமாக இருந்தார்கள்.

செப்டம்பரில் அதே கெர்டீஸில் 'கிரீன்பிரையர் பாய்ஸ்' குழுவுக்கு முன்னால் பாட டிலனைப் போட்டார்கள். மார்கழியில் சபாக்களின் மத்தியானக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் வந்திருப்பது அடுத்தவருக்காக. நியூயார்க் டைம்ஸ் விமரிசகர் ராபர்ட் ஷெல்டன் அன்று போயிருந்தார். செப்டம்பர் 29-ம் தேதி பேப்பரில் தலைப்பும் படமும் பிரதான குழுவுக்கு அல்ல, முன்னால் பாடிய இருபது வயசுப் பையனுக்கு.

அந்த விமரிசனத்தை இன்று படித்தாலும் பிடிக்கிறது. காரணம், ஷெல்டன் புளுகவில்லை. குரல் அழகானதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். சட்டை துணிமணி சரியில்லை என்கிறார். சொந்த ஊர், பூர்வீகம் பற்றிப் பையன் மழுப்புவதையும் எழுதிவிடுகிறார். இத்தனைக்கும் பிறகு, இவனிடம் சரக்கு இருக்கிறது, இனிமேல் எங்கே போகிறான் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறார். குறையைச் சொல்லிவிட்டுப் பாராட்டினால்தான் பாராட்டை நம்பத் தோன்றுகிறது. முன்பே சில தடவை கேட்டுவிட்டு எழுதியவர் என்பதும் காரணமாக இருக்கலாம்.

சரி, டைம்ஸே எழுதிவிட்டது. ஊர் திரண்டதா?

நவம்பர் 4-ம் தேதி இஸி யங் சொந்தப் பொறுப்பில் கார்னகி சாப்டர் ஹாலில் டிலனுக்குத் தனிக் கச்சேரி வைத்தார். டிக்கெட் 2 டாலர். வந்தவர்கள் 53 பேர். யங்குக்கு நஷ்டம். ஜான் ஹாமண்ட் கொலம்பியா கம்பெனியில் போட்ட முதல் இசைத்தட்டு 1962 மார்ச்சில் வந்தது. முதல் வருஷம் சுமார் ஐயாயிரம்தான் விற்றது. கம்பெனிக்குள் அதற்கு 'ஹாமண்டின் அசட்டுத்தனம்' என்று பெயர். அதிலிருந்த 13 பாட்டில் டிலனின் சொந்தப் பாட்டு இரண்டே இரண்டு. 2016-ல் இலக்கிய நோபல் வாங்கிய பாடலாசிரியர் அப்போது பாதிகூடப் பிறக்கவில்லை.

மிச்சப் பாட்டெல்லாம்? பேட்டையில் புழங்கியவை. டேவ் வான் ராங்க் என்று பேட்டைக்கே பெரியண்ணன் மாதிரி ஒருவர். டிலன் அவர் வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கி, பாட்டும் கற்றுக்கொண்டவர். 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பழைய நாட்டுப்பாடல். அதற்கு வான் ராங்க் புதிதாக கிடார் அமைப்பு செய்து வைத்திருந்தார். அதை நான் பதிவு செய்யலாமா என்று டிலன் கேட்டார். வேண்டாம், நானே செய்யப்போகிறேன் என்றார் அவர். டிலன் அசடு வழிந்தார். ஏற்கெனவே பதிவு செய்து முடித்தாயிற்று! அப்புறம் வான் ராங்க் அதைப் பாடினால், "டிலன் பாட்டைப் பாடறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிறுத்திவிட்டார். 1964-ல் 'அனிமல்ஸ்' குழு அதையே பாடி உலகம் பூரா ஹிட். இப்போது டிலனைப் பார்த்து, "அனிமல்ஸ் பாட்டா?" என்றார்கள். டிலனும் நிறுத்திவிட்டார். பின்னாளில் வான் ராங்கே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

இந்த வான் ராங்கின் நினைவுக் குறிப்புகளைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கோயன் சகோதரர்கள் 2013-ல் 'இன்சைட் லூயின் டேவிஸ்' எடுத்தார்கள். தங்க இடமில்லாமல், குளிருக்குக் கோட்டில்லாமல் அலையும் ஒரு நல்ல பாடகன். கடைசியில் கேஸ்லைட்டில் பாடிவிட்டு வெளியே சந்தில் அடிவாங்கும்போது, உள்ளே ஒரு சுருட்டை முடிப் பையன் பாட ஆரம்பிக்கிறான். யாரென்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இரண்டில் இந்தப் படம்தான் உசத்தி. மேன்கோல்ட் படத்தில் பேட்டை ஒரு அழகான செட். கோயன்கள் படத்தில் கூடையில் விழுகிற சில்லறைகூடக் கணக்கில் வருகிறது.

பையனிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் ஃபிரெண்ட் ஒருத்தி பெசன்ட் நகர் காபி ஷாப்ல சனிக்கிழமை பாடறா. சொந்தமா எழுதின தமிழ்ப் பாட்டு. ரெண்டு தடவை கூப்பிட்டேன், முதுகுவலின்னுட்டீங்க" என்றான்.

போனேன். எண்ணினேன். காபி கொடுக்கும் பையனையும் சேர்த்து 17 பேர். பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் கொர்ரென்றது. கிராமத்துப் பாட்டு நாலு பாடினாள். மேல் ஸ்தாயியில் சுருதி விலகுகிறது, தாளத்தில் அவசரம். சொந்தப் பாட்டு இரண்டு. முதலாவதில் நிலாவும் மழையும் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவது, மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கும் தன் பாட்டியைப் பற்றி. மூன்றாவது சரணத்தில் பாட்டி மீந்த பூவை என்ன செய்வாள் என்று வருகிறது. பேச்சு நின்றது. போன்களும் கீழே இறங்கின.

அடுத்த சனிக்கிழமையும் பாடுகிறாளாம்.