விழுந்த தாளும் அழிந்த தாளும்: வீடியோ விளையாட்டுகள் தந்த ஏமாற்றங்கள்

சென்ற ரமழான் விடுமுறையில் என் சகோதரியின் மகன் அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். வயது பதினைந்து. தராவீஹ் முடிந்து வந்தால் ஸஹர் வரைக்கும் அவனுக்கு ஒரே வேலைதான். 'அசாசின்ஸ் கிரீட்: மிராஜ்' என்ற கேமில் பக்தாத் நகரத்துக் கூரைகளில் ஓடித் திரிவான். தஜ்லா நதியின் படகுகள், கடைத்தெருவின் துணிப் பந்தல்கள், மினாராவிலிருந்து வரும் பாங்கொலி எல்லாவற்றையும் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினான். "மாமா, இது எங்கட ஊர் மாதிரி ஒரு கேம்" என்றான் ஒருநாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி கொன்ட்ரோலரை மேசையில் போட்டுவிட்டு வந்து நின்றான். "மாமா, அது எங்கட ஜின் இல்லயாம். கடைசியில பாத்தா லோக்கியாம்!"

அவன் முகத்திலிருந்தது கோபமல்ல, ஏமாற்றம். பிடித்த ஒன்று கைவிட்டால்தான் அந்த முகம் வரும். இக்கட்டுரை அந்த ஏமாற்றத்தைப் பற்றியது.

ஓர் ஆய்விதழில் வீண் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு அப்பாஸியர் கால பக்தாத் முதலில் அறிமுகமாவது பாடப்புத்தகத்தில் அல்ல, திரையில்தான். ஸலாஹுத்தீன் ஐயூபியின் பெயரும் அவர்களுக்கு அப்படித்தான் போய்ச் சேர்கிறது. ஒரு நாவலைப் படித்துவிட்டு விமர்சனம் எழுதும் நாம், பிள்ளைகள் நாற்பது மணித்தியாலம் உள்ளே வாழ்ந்துவிட்டு வரும் ஒரு கதையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

நாம் எதுவுமே பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒருவகை ஏமாற்றத்தைப் பற்றி உலக முஸ்லிம்கள் உரக்கவே பேசியிருக்கிறார்கள். 2012 ஒக்டோபரில், 'கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார் 2' கேமின் 'ஃபவேலா' என்ற களத்தில், ஒரு குளியலறைச் சுவரில் தொங்கிய படச்சட்டத்தில் அழகு பற்றிய ஒரு நபிமொழி எழுதப்பட்டிருப்பதை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். முறைப்பாடு எழுந்ததும் அந்தக் களத்தையே கம்பனி தற்காலிகமாக நீக்கியது. 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் சிலை முன் பாத்திரங்கள் மண்டியிடும் ஒரு புதிய அம்சம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது அகற்றப்பட்டு மன்னிப்பும் கேட்கப்பட்டது. 2021 நவம்பரில் 'கோல் ஒஃப் டியூட்டி: வன்கார்ட்' கேமில் இரத்தக்கறை படிந்த குர்ஆன் தாள்கள் தரையில் சிதறிக் கிடந்தன. அதற்கும் சில நாட்களுக்குள் அறபு மொழியிலேயே மன்னிப்பு வந்தது.

இந்த எதிர்ப்புகள் நியாயமானவை. தரையில் விழுந்த ஒரு தாளை எடுத்து நெற்றியில் வைத்து உயரமான இடத்தில் வைக்கப் பழகிய சமூகம் நாம். அது நமக்குள் ஊறிய அதபு. ஆனால் இந்தச் சம்பவங்கள் எல்லாவற்றிலும் தீர்வு ஒன்றேதான்: நீக்குதல். தவறாக வைக்கப்பட்டது போய்விட்டது. சரியாக எதுவும் வந்து சேரவில்லை.

நீக்குதல் எப்போதும் நமக்கு நன்மையாக முடிவதில்லை என்பதற்கு 2008ஆம் ஆண்டின் 'லிட்டில் பிக் பிளானட்' நல்ல உதாரணம். குழந்தைகளும் பெரியவர்களும் விரும்பிய கேம் அது. வெளிவரவிருந்த தறுவாயில், அதிலுள்ள ஒரு பாடலில் குர்ஆன் வசனச் சொற்கள் இருப்பதாக ஒருவர் சுட்டிக்காட்டினார். ஏற்கனவே அனுப்பப்பட்ட தட்டுகள் திருப்பி அழைக்கப்பட்டு, வெளியீடு தள்ளிப்போய், பாடல் குரலின்றி மாற்றப்பட்டது. அந்தப் பாடலை உருவாக்கியவர் மாலி நாட்டின் புகழ்பெற்ற கோரா கலைஞர் துமானி ஜபாத்தே. அவரும் ஒரு முஸ்லிம். மார்க்கத்தின் சொற்களை இசையில் சேர்ப்பது அவருடைய மண்ணின் மரபில் வந்த பழக்கம். அது சரியா, கூடாதா என்று ஆலிம்கள் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் நடந்தது விவாதமல்ல. அவமதிப்பு என்ற பயத்தில் ஒரு முஸ்லிமின் குரலே அழிக்கப்பட்டது. கம்பனிக்கு அவமதிப்பும் துதியும் ஒன்றாகத் தெரிந்தன. பார்த்துப் பிரித்துச் சொல்ல நம் பக்கத்திலும் போதிய ஆட்கள் இருக்கவில்லை.

இனி இரண்டாம் வகை ஏமாற்றத்துக்கு வருவோம். இதற்கு மன்னிப்பு வருவதில்லை.

2019 ஒக்டோபரில் 'மொடர்ன் வோர்ஃபெயார்' புதிதாக வெளிவந்தது. 2007இல் வந்த அதன் முன்னோடியில் மத்திய கிழக்கு என்பது பெயரே இல்லாத ஒரு நாடு. அங்கிருந்த மக்கள் பெரும்பாலும் சுடப்படுவதற்காக மட்டும் தோன்றியவர்கள். புதியதில் நிலைமை வேறு. உர்ஸிக்ஸ்தான் என்ற கற்பனை நாட்டின் விடுதலைப் போராளியாக ஃபரா கரீம் என்ற பெண் வருகிறாள். சிறுமியாக இருந்தபோது இடிபாட்டுக்குள்ளிருந்து அவள் மீட்கப்படும் காட்சியை நாமே அவளாக இருந்து விளையாட வேண்டும். இத்தனை காலமும் குறிபார்க்கப்பட்ட பக்கத்தில் நின்று அந்தக் கண்களால் பார்க்கவைத்த கேம் என்று பலர் இதை விரும்பினார்கள். நானும் விரும்பினேன்.

அதே கேமில் 'மரண நெடுஞ்சாலை' என்று ஒரு கட்டம் வருகிறது. எரிந்து நசுங்கிய வாகனங்கள் நிறைந்த பாதை. ரஷ்யர்கள் தப்பியோடியவர்களின் மேல் குண்டு வீசியதாக அங்கே ஃபரா சொல்கிறாள். ஆனால் அந்தப் பெயர் கற்பனைப் பெயரல்ல. குவைத்திலிருந்து பஸ்ராவை நோக்கிச் செல்லும் 80ஆம் நெடுஞ்சாலையில், 1991 பெப்ரவரி 26, 27 திகதிகளில், பின்வாங்கிச் சென்றுகொண்டிருந்த ஈராக்கிய வாகன வரிசை மீது அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் குண்டு வீசின. அதன் படங்களை உலகமே பார்த்தது. அந்தப் பாதையும் பெயரும் எரிந்த வண்டிகளும் அப்படியே எடுக்கப்பட்டிருக்கின்றன. குண்டு வீசியவன் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறான்.

கற்பனை நாடு, கற்பனைக் கதை என்று சாக்குச் சொல்லலாம். கற்பனைக்கு நான் எதிரியல்ல. ஆனால் நிஜத்தில் நடந்த ஒன்றின் பெயரையே கடன் வாங்கிக்கொண்டு, செய்தவனை மட்டும் மாற்றி வைப்பதைக் கற்பனை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது பொய்ச்சாட்சி. அந்தப் பொய்யைச் சொல்லும் வாய் ஃபராவுடைய வாய் என்பதுதான் கூடுதலாக வலிக்கிறது. நமக்காகப் பேச வந்தவள் போல் இருந்தவளைக் கொண்டே நம் ஞாபகத்தை அழித்துவிட்டார்கள்.

பழி தங்கள் தலையில் விழுந்ததால் ரஷ்ய விளையாட்டாளர்கள் சத்தமிட்டார்கள். அந்தப் பாதையில் மாண்டவர்கள் சார்பில் நம் தமிழ் முஸ்லிம் பரப்பில் ஒரு வரி எழுதப்பட்டதை நான் கண்டதில்லை. வன்கார்டின் தாள்களுக்காகக் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் படம் அனுப்பியவர்கள், இதைப் பற்றி எதுவும் அனுப்பவில்லை.

கண்டிப் பகுதியில் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமாகத் தெரியக்கூடாது. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் வந்தன. எரிந்த சுவரைத் திரும்பப் பூசிவிடலாம். ஆனால் யார் செய்தார்கள், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற பதிவு மாற்றி எழுதப்பட்டால் அதைப் பூச எந்தச் சாந்தும் கிடையாது. நாளைக்கு யாரோ ஒருவர் திகன என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு யாரோ எரித்ததாக ஒரு கேம் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

இப்போது என் மருமகனின் பக்தாதுக்குத் திரும்புவோம். 2023 ஒக்டோபரில் வந்த மிராஜ், அன்போடு செய்யப்பட்ட கேம். 762இல் கலீஃபா அல் மன்ஸூர் அடித்தளமிட்ட வட்டநகரம் அதில் உயிரோடு நிற்கிறது. பைத்துல் ஹிக்மாவுக்குள் நடக்கலாம். விரும்பினால் முழுவதையும் அறபுக் குரலில் கேட்கலாம். போகும் இடமெல்லாம் காகிதம், மருத்துவம், வானியல் பற்றிய குறிப்புகள் கிடைக்கின்றன. அவை ஆய்வாளர்களின் துணையோடு எழுதப்பட்டவை. வரலாற்றில் பின்னர் ஸன்ஜ் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அலீ இப்னு முஹம்மத் கூட ஒரு பாத்திரமாக வருகிறார்.

அதில் வரலாற்றை வளைத்த இடங்களும் உண்டு. கலீஃபா அல் முதவக்கில் 861இல் தம் துருக்கியப் படைவீரர்களால் கொல்லப்பட்டார். கேமிலோ அவருடைய மரணம் ஒரு களவு முயற்சியின் நடுவே நேர்கிறது. இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. சரித்திர நாவல்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலைதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாயகன் பாஸிம் ஓர் அநாதை, தெருக்கள்ளன். தூக்கத்திலும் தனிமையிலும் ஒரு ஜின் அவனைத் துரத்துகிறது. கேம் முழுவதும் நம்மை இழுத்துச் செல்வது அந்தப் பயம்தான். அது என்ன, ஏன் இவனைப் பிடித்தது என்று அறியவே கடைசிவரை ஓடுகிறோம். அலமூத் கோட்டையின் அடியில் விடை கிடைக்கிறது: பாஸிம் வடஐரோப்பியப் புராணத்தின் லோக்கியுடைய மறுபிறவி. ஜின்னாகத் தெரிந்தது லோக்கி முற்பிறவியில் பட்ட சிறைவேதனையின் நினைவு. 2020இல் வந்த 'வல்ஹல்லா' கேமிலேயே இந்த முடிவு விதைக்கப்பட்டுவிட்டதால் தப்ப வழியில்லை என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். அது தொடரின் கணக்குக்குச் சரியாக இருக்கலாம், இந்தக் கதைக்குச் சரியில்லை. நகரம், மொழி, பயம் எல்லாம் நம்முடையவை. அவற்றின் அர்த்தம் மட்டும் வேறொருவருடையது.

இன்னுமொரு விஷயத்தை நினைத்தால்தான் ஏமாற்றத்தின் அளவு தெரியும். அந்தக் காலத்திலேயே பஸ்ராவிலும் பக்தாதிலும் வாழ்ந்த அல் ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் ஜின் கதைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். பாலைவெளியில் நெடுங்காலம் தனித்திருக்கும் மனிதனுக்குச் சிறியது பெரிதாகத் தெரியும், இல்லாத குரல் கேட்கும் என்ற விளக்கத்தையும் அதில் பதிந்திருக்கிறார். ஜின் என்ற படைப்பு இருப்பது நம் நம்பிக்கை. குர்ஆனின் 72ஆவது அத்தியாயமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஆனால் மனிதன் கண்டதாகச் சொல்லும் ஒவ்வொன்றும் ஜின்தானா என்று அன்றைய அறிஞர்கள் விசாரித்திருக்கிறார்கள். தனிமையில் வளர்ந்த ஓர் அநாதையின் ஜின்னுக்கு இதைவிடப் பொருத்தமான திறவுகோல் எங்கே கிடைக்கும்? பைத்துல் ஹிக்மாவைக் கல் கல்லாகக் கட்டியவர்கள் அங்கிருந்த ஒரு சிந்தனையைக் கதைக்குள் கொண்டுவரவில்லை.

இது புதிய பழக்கமல்ல. என் வயதுக்காரர்கள் கண்டி டவுன் நெட் கஃபேகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடிய 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' (1999) கேமில் ஸலாஹுத்தீனின் போர்த்தொடர் உண்டு. அவருடைய கண்ணியத்தைக் குறைக்காமல் சொன்ன கதை அது. ஆனால் கதை சொல்பவர் அவரிடம் கைதியாக வந்த ஒரு சிலுவைப்போர் வீரர். ஸலாஹுத்தீன் நல்லவர் என்பதற்கும் அந்தப் பக்கத்துச் சாட்சியே தேவைப்பட்டது. அன்று எங்களில் ஒருவருக்கும் இது படவேயில்லை. ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனோம்.

முதல்வகை ஏமாற்றத்துக்கு எதிர்ப்பு எழுவதும் இரண்டாவதற்கு எழாததும் ஏன்? தரையில் கிடக்கும் தாளை ஒரே படத்தில் காட்டிவிடலாம். கேமைத் தொடாதவருக்கும் அது விளங்கும். மாற்றி எழுதப்பட்ட சரித்திரத்தைக் கண்டுபிடிக்க முடிவுவரை விளையாடியிருக்க வேண்டும்; 1991இல் என்ன நடந்தது, அல் ஜாஹிழ் என்ன எழுதினார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விளையாடும் பிள்ளைக்குச் சரித்திரம் தெரியாது. சரித்திரம் தெரிந்த பெரியவர் விளையாடுவதில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை.

செய்து காட்டியவர்களும் உண்டு. நாப்லுஸைச் சேர்ந்த பலஸ்தீனர் ரஷீத் அபூ ஈதா, 2014 காஸா யுத்தத்தைப் பற்றி 'லைலா அண்ட் த ஷெடோஸ் ஒஃப் வோர்' என்ற சிறிய கேமைச் செய்து 2016இல் வெளியிட்டார். அதைக் கேம் என்ற பிரிவில் ஏற்க ஆப்பிள் முதலில் மறுத்தது. எதிர்ப்புக்குப் பிறகு ஏற்றுக்கொண்டது. அதில் நெடுஞ்சாலையின் பெயரும் மாறவில்லை, குண்டின் சொந்தக்காரரும் மாறவில்லை.

ஆளுக்கொரு கேம் செய்ய நம்மால் இயலாது. ஆனால் பிள்ளை ஏமாந்து வந்து நிற்கும்போது "அதான் இதெல்லாம் வேண்டாம்னு சொன்னேன்" என்று சொல்லாமல் இருக்கலாம். அந்த ராத்திரி என் வாயிலும் அதுதான் முதலில் வந்தது, அடக்கிக்கொண்டேன். பதிலாக, அல் ஜாஹிழ் என்றொருவர் இருந்தார் என்று சொன்னேன். ஸஹருக்குப் பாத்திரங்கள் எடுத்து வைக்கும் சத்தம் குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் கேட்டான்:

"இத ஏன் மாமா அவங்க கதையில போடல்ல?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.