கிழியாத தமனி

நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து இரத்தக்குழாயின் வடிவத்தை எடுத்து, முப்பரிமாண அச்சில் வார்ப்பு செய்து, சிலிக்கோனில் செயற்கைத் தமனி ஒன்றை உருவாக்குவது இன்று பெரிய வித்தை இல்லை. நாளை சிகிச்சை தரவேண்டிய மூளைத் தமனி வீக்கத்தை இன்றே மேசைமேல் வைத்து ஒத்திகை பார்த்துவிடலாம். கதிர்வீச்சு இல்லை, பயிற்சிக்காகப் பன்றி சாக வேண்டியதில்லை, கை தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். சிக்கல் அந்த அச்சு அசலான தோற்றத்தில்தான். வடிவம் அப்படியே இருப்பதால் நடத்தையும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

உயிருள்ள தமனியின் உட்சுவர் வழுவழுப்பானது. சிலிக்கோனோ உள்ளே செலுத்தும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே ஓடும் நீரில் சோப்புக் கரைசல் கலக்கிறார்கள். கலவை கூடினால் கதீட்டருக்கு வழிகாட்டும் கம்பி வளைவுகளில் தானே வழுக்கி ஓடும், குறைந்தால் பாதியில் முரண்டு பிடிக்கும். பயிற்சி பெறுபவரின் விரல்கள் பழகுவது தமனிக்கா, சோப்புக்கா? ஒளி ஊடுருவும் சுவரும் இப்படித்தான். கம்பி நுனியை நேரில் பார்த்துப் பழகியவர், சிகிச்சை அறையில் எக்ஸ்ரே திரையின் நிழலை மட்டும் நம்பியாக வேண்டும். மாதிரியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுக் கற்றுத்தருவது நல்லது.

இதைவிடப் பெரிய குறை, முரட்டுத்தனமாகத் தள்ளினாலும் சிலிக்கோன் பொறுத்துக்கொள்வது. உட்படலம் கிழிந்து பிரியும் விபத்து அதில் நேர்வதே இல்லை. வழி பழகிவிடும், பயம் பழகாது. பாலிவினைல் ஆல்கஹால் (பி.வி.ஏ.) ஹைட்ரோஜெல்லை உறையவைத்து உருகவைத்துச் செய்யும் மாதிரிகள் வழுக்கலிலும் நெகிழ்விலும் மேல். ஆனால் நீரில் வைக்காவிட்டால் காய்ந்துவிடும்.

பயிற்சியை விட்டுக் கருவிச் சோதனைக்கு வந்தால் கணக்கு வேறு. தமனியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்று பத்து ஆண்டு இதயத்துடிப்பை, அதாவது ஏறத்தாழ 38 கோடி துடிப்பைத் தாங்க வேண்டும். செயற்கைக் குழாயை நொடிக்கு 60 முறை துடிக்கவைத்தால் இரண்டரை மாதத்தில் விடை வந்துவிடும். இதை வேறெப்படியும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தொடைத் தமனி துடிப்பதோடு நிற்பதில்லை. நடக்கும்போது மடங்கும், முறுக்கிக்கொள்ளும், நீளத்தில் சுருங்கும். 2005இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், தொடைத் தமனியில் நைட்டினால் உலோகக்கலவை ஸ்டென்ட் வைத்த 121 கால்களில் 45இல் அது முறிந்திருந்தது. விரிந்து சுருங்க மட்டுமே தெரிந்த குழாய் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வழியில்லை. மடக்கல், முறுக்கல், அமுக்கல் சோதனைகள் பின்னர் சேர்ந்தன. அவற்றிலும் குழாய்ச் சுவர் பெரும்பாலும் எங்கும் ஒரே சீராகத்தான் இருக்கிறது. ஸ்டென்ட் போய் உட்காருவதோ, கால்சியம் படிந்து ஒரு பக்கம் கல்லாகவும் மறுபக்கம் மெத்தென்றும் கிடக்கும் தமனியில்.