பழைய கிரயப் பத்திரம்

கொள்ளுத்தாத்தா குதிரையில்தான் வயலுக்குப் போவார் என்று சொல்லாத கிராமத்துக் குடும்பம் அபூர்வம். பழைய கிரயப் பத்திரம் குதிரையைப் பற்றி மூச்சே விடாது. இன்னார் குமாரர் இன்னார், ஊர், சர்வே எண், விஸ்தீரணம் என்று கறாராகப் போகும்; அதன் அழகே அதுதான்.

எனக்குப் பிடித்த இடம் நான்கெல்லை. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை என்று போகிற வரிகளில், வீட்டில் யாரும் பேச்சே எடுக்காத ஒரு பங்காளியின் பெயர் சில சமயம் அகப்படும். எழுதத் தெரியாதவர் என்றால், அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். அது யாருடையது என்று பத்திரம் எழுதியவரே பக்கத்தில் குறித்திருப்பார். (நாங்கள் ஜமீன் பரம்பரை என்கிற வீட்டுக் கதை இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும்.)

பத்திரமும் முழு யோக்கியமில்லை. முத்திரைச் செலவுக்குப் பயந்து தொகையைக் குறைத்து எழுதுவதுண்டு. பெயரையும் எல்லையையும் ஓரளவு நம்பலாம். அசல் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடுங்கள்.