கேஜ் முதலில், லைன் பிறகு

1998-ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் இருந்த கம்மின்ஸ் எஞ்சின் உருமாறியது. கொள்ளளவு அதே 5.9 லிட்டர், சிலிண்டர் அதே ஆறு. நம் ஊர் டாட்டா லாரிகள் பலவற்றில் ஓடிய பி வரிசை எஞ்சினின் உடன்பிறப்புதான். ஆனால் 12 வால்வுகள் 24 ஆயின. பாஷ் நிறுவனத்தின் பி7100 இன்லைன் பம்ப் இருந்த இடத்துக்கு விபி44 என்ற மின்னணு ரோட்டரி பம்ப் வந்தது. கேம்ஷாஃப்ட் தட்டி இயக்கிய ஃபீட் பம்ப்புக்குப் பதிலாகச் சிறிய மின்சார ஃபீட் பம்ப் ஒன்றை எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் மாட்டினார்கள். 2002 மாடல் வரை வந்த இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் இரண்டு வேலைகளைக் கட்டாயம்போல் செய்துகொள்கிறார்கள். டீசல் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டுவது முதலாவது. டேங்கிலிருந்து இன்ஜெக்‌ஷன் பம்ப் வரை உள்ள லைனைக் கழற்றிவிட்டுத் தடித்த லைன் போடுவது இரண்டாவது. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில், ஒரே கிட்டில் முடிந்துவிடும். கேஜை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். லைனை, அந்த கேஜ் கேட்டால் மட்டும்.

விபி44-இன் இயல்பு தெரிந்தால் இந்தக் கவலையின் நியாயம் புரியும். பழைய இன்லைன் பம்ப்பின் அடிப்பகுதிக்கு எஞ்சின் ஆயில் போய்ச் சேர்ந்தது. விபி44-க்கு மசகும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். அதனால் எரிக்கத் தேவையானதைவிட அதிகமாகவே டீசல் அதற்குள் போகிறது. எரியாத மிச்சம் சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்குத் திரும்புகிறது. திரும்பும் வழியில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திறக்கும். ஃபீட் பம்ப் தளர்ந்தால் இந்தக் குளிர்விக்கும் ஓட்டம்தான் முதலில் அடிபடும். எஞ்சினுக்கு வேண்டிய டீசல் அப்போதும் கிடைத்துக்கொண்டிருக்கும்.

கொடுமை இதில்தான் இருக்கிறது. விபி44-க்குள்ளேயே ஒரு வேன் பம்ப் உண்டு. ஃபீட் பம்ப் அடியோடு செத்துப்போனாலும் அது தானே டீசலை இழுத்துக்கொள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும், லோடு இழுக்கும், ஏற்றம் ஏறும். ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. உள்ளே டைமிங் பிஸ்டனும் அதன் துளையும் தேய்ந்த பிறகு P0216 என்ற பிழைக் குறியீடு பதிவாகும். அந்தக் குறியீடு வந்துவிட்டால் மருந்து கிடையாது, பம்ப்பை மாற்ற வேண்டியதுதான். புதுப்பித்த பம்ப் ஒன்றுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். இத்தனை விலையுள்ள பாகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் அழுத்தத்தைக் காட்ட டேஷ்போர்டில் ஒரு முள்கூட வைக்கவில்லை. ஆயில் பிரஷருக்கு கேஜ் இருந்தது, வோல்ட்டேஜுக்கு இருந்தது, இதற்கு இல்லை. வண்டிக்காரர் தம் காசில் மாட்டும் கேஜ், வண்டியை வடிவமைத்தவர்கள் விட்ட குறையை நிரப்புகிறது. இந்தப் பழக்கத்தின் அசைக்க முடியாத பலம் அதுவே.

ஐடிலிங்கில் 10-க்கு மேல், முழு லோடில் 5-க்குக் கீழே போகாமல் என்பது இந்த வண்டிக்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. ஆனால் எந்த இடத்தில் அளந்த 10 என்று கேட்பவர்கள் குறைவு. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. குழாயில் அடைப்பு இருந்தால், அடைப்புக்கு முன்னால் அளப்பவருக்கு முள் நிறைவாகவே நிற்கும். ஃபீட் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் இடையில் கேஜ் எடுத்திருந்தால் ஃபில்டர் அழுக்கேற ஏற முள் மேலே போகும். பின்னால் இன்ஜெக்‌ஷன் பம்ப் வறண்டுகொண்டிருக்கும்; முன்னால் கேஜ் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருக்கும். கை எட்டும் இடம் என்று அங்கே மாட்டிவிடுபவர்கள் உண்டு. கேஜே இல்லாத வண்டியைவிட அந்த வண்டிக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் அதன் சொந்தக்காரர் கவலைப்படுவதை நிறுத்திவிட்டார். ஃபில்டருக்குப் பிறகு, விபி44-இன் வாயிலில் அளப்பதே சரி. இயன்றால் ஃபில்டருக்கு முன்னும் ஓர் அளவு எடுத்துவிட்டால், இரண்டின் வித்தியாசமே ஃபில்டரின் நிலையைச் சொல்லிவிடும்.

அந்த வாயிலில் லைனைப் பிடித்திருப்பது பேன்ஜோ போல்ட். நடுவில் துளையிட்டு, பக்கவாட்டில் கண் வைத்த போல்ட் அது. அதன் தலையில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குழாய் மரை வெட்டிய போல்ட் கடைகளில் கிடைக்கும். பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போட்டு, இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் வைத்து முறுக்க வேண்டும். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கி இறுகியது. திரும்பப் போட்டால் கசியும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னொரு தவறு. ஃபில்டரைத் தாண்டிய இடம் அது. டேப்பின் ஒரு நார் பிய்ந்து போனாலும் நேரே பம்ப்புக்குள்தான் போகும், வழியில் வடிகட்ட எதுவும் கிடையாது. திரவ சீலண்டை முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுவதே பாதுகாப்பு.

மின்சார கேஜின் சென்சரை நேரே போல்ட்டில் மாட்டினால் அதிக நாள் தாங்காது. விபி44 டீசலை அள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு அதிர்வு திரும்பி லைனில் அடிக்கிறது. அந்த அடியை விடாமல் வாங்கி சென்சர் கெட்டுப்போகும். இதற்குக் கிரீஸ் கன் ஹோஸ் ஒன்றை இடையில் போட்டு, ஒரு நீடில் வால்வும் வைத்து, முள்ளின் நடுக்கம் அடங்கும்வரை வால்வை மூடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, கை நிதானம் தெரிந்தவருக்கு. கொஞ்சம் அதிகமாக மூடிவிட்டால் முள் ஆடாமல் அழகாக நிற்கும். அழுத்தம் விழுந்தாலும் அப்படியே நிற்கும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் முள் தயங்காமல் இறங்க ஆரம்பிக்க வேண்டும். மெக்கானிக்கல் கேஜுக்கு இந்தச் சென்சர் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு டீசல் ஏறிய ட்யூப் ஓட்டுபவரின் முழங்கால் வரை வர வேண்டும். இடையில் ஐசொலேட்டர் வைத்தால் கேபினுக்குள் டீசல் வராது. பதிலுக்கு அதிலுள்ள திரவம் கசிந்தால் அளவு மெல்லப் பிசகும். எனக்கு மின்சார கேஜின் தொல்லையே மேல். கெட்டுப்போன சென்சரை மாற்றிக்கொள்ளலாம், கேபினுக்குள் டீசல் தெறிப்பதை ஏற்க முடியாது.

லைன் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி லைன் மூன்று நூல் அளவு. சந்தையில் விற்கும் பெரிய லைன் நான்கு நூல், அதாவது அரை அங்குலம். குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடும். காகிதத்தில் பெரிய லாபம்தான். ஆனால் பழைய லைனில் டீசல் திணறுவது குழாயின் உடலில் அல்ல, பேன்ஜோ போல்ட்டுகளின் சின்னக் கண்களில். போல்ட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஹோஸை மட்டும் பெருக்குபவர் காசைத்தான் செலவழிக்கிறார். மிகக் குறுகிய துளை எதுவோ அதுதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். நேர் ஃபிட்டிங்குகளோடு முழு வழியையும் மாற்றினால்தான் பலன் தெரியும்.

குழாயின் அகலத்தைவிட முக்கியமானது பம்ப்பின் இடம். டீசலைத் தள்ளுவது பம்ப்புக்கு எளிது, இழுப்பது கடினம். டேங்கை எங்கோ பின்னால் விட்டுவிட்டு எஞ்சினின் சூட்டிலும் அதிர்விலும் உட்கார்ந்து இழுப்பதுதான் பழைய ஃபீட் பம்ப்பின் பெரும் பாவம். கிறைஸ்லர் நிறுவனமே பின்னர் பழுதுமாற்றாக டேங்குக்குள் வைக்கும் பம்ப்பைக் கொடுத்தது, 2005 மாடலிலிருந்து புது வண்டிகளிலும் டேங்குக்குள் கொண்டுபோனது. ஃபாஸ், ஏர்டாக் போன்ற தனியார் பம்ப்புகளும் டேங்குக்குப் பக்கத்தில் சேசிஸில்தான் ஏறுகின்றன. அப்படி மாற்றும்போது இன்னொரு நன்மையும் உண்டு. இழுக்கும் பக்கத்து மூட்டில் கசிவு இருந்தால் வெளியே ஒரு சொட்டு தெரியாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். பம்ப் பின்னால் போனதும் லைனின் பெரும்பகுதி தள்ளும் பக்கமாகிவிடும். கசிந்தால் தரையில் சொட்டும், கண்ணில் படும்.

புது பம்ப், இடமாற்றம், பெரிய லைன், புது ஃபிட்டிங், கேஜ் எல்லாம் ஒரே நாளில் ஏறுகின்றன. மறுநாள் முள் 16 காட்டுகிறது. பெரிய லைனால் வந்தது என்கிறார் உரிமையாளர். அதைச் சொல்ல அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை, ஏனென்றால் பழைய லைனில் எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியாது. டேங்குக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருந்திருக்கலாம். ஒரு மூட்டு காற்று இழுத்திருக்கலாம். பழைய பம்ப் மட்டுமே தேய்ந்திருக்கலாம். கேஜை மட்டும் முதலில் மாட்டி, ஐடிலிங்கில் ஓர் அளவு, நெடுஞ்சாலை வேகத்தில் ஓர் அளவு, டிரெய்லர் கட்டி ஏற்றத்தில் ஓர் அளவு என்று எழுதி வைத்தால் நோய் தானாகவே முகம் காட்டும். லோடில் மட்டும் விழுகிறதா? ஃபீட் பம்ப்பின் இழுக்கும் ஹோஸை ஒரு கேனில் இருக்கும் சுத்தமான டீசலுக்குள் விட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கிப் பார்க்கலாம். அழுத்தம் நிமிர்ந்தால் குறை டேங்கிலோ அங்கிருந்து வரும் லைனிலோ இருக்கிறது. நிமிராவிட்டால் சந்தேகம் பம்ப் மேல். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பல நூறு டாலருக்கு லைன் வாங்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

லைனை மாற்றுவதால் புதிதாக வரும் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய லைனுக்காக டேங்கின் மேல்பக்கம் துளையிட்டு அகலமான உறிஞ்சு குழாய் இறக்குகிறார்கள். கம்பெனி அமைப்பில் உறிஞ்சும் இடத்தைச் சுற்றி ஒரு கூடை உண்டு. திரும்பி வரும் டீசல் அதை நிரப்பிக்கொண்டிருக்கும். புதுக் குழாய் கூடைக்கு வெளியே நின்றால், டேங்க் கால் பங்குக்கு இறங்கியதும் ஏற்றத்திலும் வளைவிலும் டீசல் ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சும். கால் டேங்குக்கு மேலேயே வைத்து ஓட்டப் பழகிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதை மேம்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹோஸின் ரப்பரையும் கவனிக்க வேண்டும். 2006 முதல் அமெரிக்க நெடுஞ்சாலை டீசலில் கந்தகம் 15 பிபிஎம் அளவுக்குக் குறைந்தது, பயோடீசல் கலப்பும் பரவியது. பழைய ரகம் ரப்பர் இவற்றில் நாளடைவில் ஊறியோ சுருங்கியோ மூட்டில் தளரும். மின்சாரத்திலும் ஒரு கண்ணி உண்டு. பழைய ஃபீட் பம்ப்புக்கு எஞ்சின் கம்ப்யூட்டரே நேரடியாக மின்சாரம் கொடுத்தது. பெரிய பம்ப்பை அதே வயரில் தொங்கவிட்டால் கம்ப்யூட்டருக்குத்தான் கேடு. ரிலே வைத்து, பழைய வயரை அந்த ரிலேயைத் தூண்ட மட்டும் பயன்படுத்த வேண்டும்.

அழுத்தம் கூடக் கூட நல்லது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. விபி44-இன் முன்பக்க சீல்தான் டீசலை எஞ்சின் கியர் அறையிலிருந்து பிரித்து வைக்கிறது. அது கசிந்தால் டீசல் ஆயிலில் கலக்கும். அந்தக் கேட்டை எந்த கேஜும் காட்டாது, ஆயில் ஸ்டிக்கில் மட்டம் ஏறுவதுதான் காட்டும். புது ஃபீட் பம்ப்பின் ரெகுலேட்டரை 20 பிஎஸ்ஐ-க்குள் நிறுத்துவது நிதானமானவர் செய்யும் காரியம். பம்ப்பின் தலையில் உட்கார்ந்திருக்கும் மின்னணுப் பலகை சூட்டில் கெட்டும் எத்தனையோ விபி44-கள் செத்திருக்கின்றன. அவற்றில் முள் கடைசிவரை ஒழுங்காகவே நின்றது.

2003-இல் ராமுக்கு காமன் ரெயில் வந்தது, கூடவே சிபி3 பம்ப்பும். டீசலையே மசகாகக் கொண்டாலும், தன் கியர் பம்ப்பால் இழுத்துக்கொள்ளும் சிபி3 குறைந்த அழுத்தத்தை விபி44-ஐவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் அதே பயத்தைச் சொல்லி அதே பெரிய லைன் கிட்டை அந்த வண்டிகளுக்கும் விற்கிறார்கள். எஞ்சின் சக்தியைப் பெருமளவு ஏற்றாதவருக்கு அது தேவையில்லை. டூராமேக்ஸ் எஞ்சின் வைத்த ஜிஎம் வண்டிகளின் கதை வேறு. 2016 மாடல் வரை அவற்றுக்கு ஃபீட் பம்ப்பே கிடையாது. இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் டேங்கிலிருந்து இழுத்தது. அங்கே ஒரு ஃபீட் பம்ப் சேர்ப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2011-இலிருந்து அவற்றில் வந்த சிபி4 உள்ளே தேய்ந்து இரும்புத் துகளை ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் அனுப்பிவிடும் இயல்புள்ளது. 2019, 2020 ராம்களிலும் சிபி4 போட்டு, பிறகு திரும்ப அழைத்து சிபி3-க்கே மாற்றினார்கள். அந்தத் தேய்மானம் தொடங்கும்போது வாயிலில் அளக்கும் கேஜின் முள் அசையாது. அந்த வண்டிக்காரர்கள் லைனுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தண்ணீர் பிரிக்கும் நல்ல ஃபில்டருக்கும், அதைக் காலத்தில் மாற்றுவதற்கும் செலவழிக்கட்டும்.